பந்தயத்துக்குக் கட்டிய சிவப்பு நூல்

என் பிரியமுள்ள முனிரத்தினம் பாவாவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எல்லோரும் நலம் என்று எழுதினால், "நான் இல்லாம எப்பிடிடா நலமா கீறீங்க" என்று சண்டைக்கு வருவாய். அதனால் அக்கா நலம், பிள்ளைகள் நலம், நான் சுமார் என்று வைத்துக்கொள். பொதட்டூர்பேட்டை வீட்டில் உன் கைத்தறி இருந்த இடத்தில் இப்போது விசைத்தறி ஓடுகிறது. அக்காவேதான் பார்த்துக்கொள்கிறாள். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். உன்னிடம் சண்டை போட்டுப் பழகிய குரல் அவளுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது.

நம் சைக்கிள் கூட்டமும் கலையவில்லை. அமாவாசையன்று தறி ஓடாது என்று நீ குறித்த நாள்தான் இன்றும் நம் நாள். திருத்தணிக்குப் பின்னாலிருக்கும் அந்தக் கல்லுக் குன்றில் ஆட்டுப்பாதையாக ஏறி, பந்தயம் வைத்து மறுபக்கம் ஏரிக்கரையில் இறங்குகிறோம். மட்கார்டு, கேரியர், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பதினைந்து பேர் கல்லும் முள்ளும் பார்க்காமல் இறங்குவதைக் கண்டால், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அரக்கோணத்திலிருந்து ரயில்வே பிட்டர் சாமுவேல் இப்போதும் லீவு போட்டுவிட்டு வருகிறார். இப்போதும் கடைசியாகத்தான் வந்து சேர்கிறார்.

இன்று உனக்கு எழுத உட்கார்ந்தது அந்த வேப்பமரத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

நீ பண்ணிய காரியம் நினைவிருக்கிறதா? வெளியூர்க்காரர்கள் வழி தவறக் கூடாது என்று, தறியில் அறுந்த சிவப்பு நூலையெல்லாம் சேர்த்து, திரும்ப வேண்டிய இடங்களில் செடிகளில் கட்டினாய். வேப்பமரத்தடியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் ஏரிக்கரை, வலது பக்கம் போனால் ஆந்திரா. இடது பக்கக் கிளையில் மணிக்கட்டுத் தடிமனுக்கு நூலைச் சுற்றிவிட்டு, "நூலு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்புங்கடா" என்று சட்டம் போட்டாய். எல்லாம் சரிதான். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாளா அதைக் கட்டுவாய்?

ஆந்திராவிலிருந்து காவடி எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஜனம் வந்தது. ஆடி மாசம், வேப்பமரம், அதில் சிவப்பு நூல். கும்பிடாமல் போவார்களா? ஆளுக்கொரு நூல், ஆளுக்கொரு துணிக் கிழிசல் என்று கட்டிவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்து அமாவாசைப் பந்தயத்தன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அந்த மரத்தில் நூல் இல்லாத கிளையே இல்லை. வலது பக்கம்தான் ரொம்ப அதிகம். பதினோரு பேரும் வலது பக்கம் திரும்பினோம். எனக்குப் பாதை தெரியும்தான். ஆனாலும் முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், செம்மறி ஆட்டுப் புத்தி.

போய் இறங்கிய ஊரில் அம்மனுக்குக் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களையும் வேண்டுதல் கோஷ்டி என்று நினைத்து வரிசையில் உட்கார வைத்தார்கள். நீயோ ஏரிக்கரையில் ஜெயிக்கிறவன் வந்து அறுப்பதற்கான நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றாய். முதலில் வந்து நூலை அறுத்தது ராஜம்மாவின் ஆடு. குன்றடியில் குடியிருந்துகொண்டு அங்கேயே ஆடு மேய்க்கும் அதே ராஜம்மாதான். ஜெயித்தவனுக்கு என்று நீயே நெய்த லுங்கியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாய்.

அடுத்த அமாவாசைக்குள் மரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று வந்துவிட்டது. ராஜம்மா கோலோடு குறுக்கே நின்றாள். "சாமி எதிர்ல சைக்கிள் வுட்டுகினு போவாதீங்க" என்றாள். சாமுவேல் உன் காதைக் கடித்தார்: "உண்மையச் சொல்லிடலாம் முனிரத்தினம். இது நம்ம நூலு." நீ தலையைச் சொறிந்தாய். "நான் கட்டுனது ஒண்ணுதாங்க. மீதியெல்லாம் அவங்களுது. அத எப்பிடிப் பொய்யினு சொல்றது?" என்றாய். இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டிப் போனாய். அன்றிலிருந்து அதுவே பந்தயத்தின் விதியாகிவிட்டது.

போன மாதம் அந்த மரத்தைச் சுற்றி மதில் எழுப்பப் போவதாகச் சேதி வந்தது. அங்கே ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மதில் வந்தால் பாதை அடைபட்டுவிடும், நம் பந்தயமும் அதோடு முடிந்துவிடும். எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்கதான் அவரு மச்சினன், அன்னிக்குக் கூட இருந்தவரு. அது ரேசுக்குக் கட்டுன நூலுனு போய்ச் சொல்லுங்க" என்றார்கள். வீராப்பாகத் தலையாட்டிவிட்டேன். ஆனால் உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாம் நாள், டாக்டர் எங்களுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போனேன். உன் தறியிலிருந்து எடுத்துப்போன நூலை அந்த மரத்தில் கட்டினேன். அது எப்படிச் சாமியானது என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் நான். ஆனாலும் கட்டிவிட்டுக் கும்பிட்டேன். வாய்விட்டு அழுதேன் பாவா. மறுநாள் நீ போய்விட்டாய்.

மதில் சேதி வந்த சில நாளில், மரத்தடியில் காலையில் ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். கொத்தனார் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். முதல் நூலை நீ எதற்குக் கட்டினாய் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தத் தெரியாமல், நான் எதற்குக் கட்டினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். பந்தயக் கதைக்குச் சிரித்த கொத்தனார், அதைக் கேட்டதும் கயிற்றைக் கீழே போட்டார். ராஜம்மாதான் கேட்டாள்.

"உங்க பாவா பொழைச்சாரா?"

"இல்லம்மா."

"அப்புறம் வந்து நூல அவுத்துட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"தெரியலம்மா."

"ஆங். எங்களுக்கும் அப்பிடித்தாம்பா. மொத நூலு யாரு கட்டுனா இன்னா" என்றவள், கொத்தனார் பக்கம் திரும்பி, "சொவத்துல ரெண்டு பக்கமும் வழி வுடுங்க. தூக்கிகினு போறவங்க போவட்டும்" என்றாள்.

வழி எவ்வளவு அகலம் என்று கொத்தனார் கேட்டார். இருப்பதிலேயே அகலமான ஹேண்டில்பார் சாமுவேலுடையது என்று அதை வைத்து அளந்தார்கள். சாமுவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. இனிமேல் ஒரு தடவையாவது முதலில் வர வேண்டும் என்று பயிற்சி எடுக்கிறாராம்.

நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா, கிண்டல் பண்ணியே கொன்றிருப்பாயா?

வருகிற ஆடி அமாவாசைக்கு உன் சைக்கிளில்தான் ஏறப் போகிறேன். பெல்லைக் கழற்றக் கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு அக்கா கொடுத்துவிட்டாள். மரத்தடியில் இறங்கித் தோளில் தூக்கிக்கொள்வேன். நான் கட்டிய நூல் எது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. வெயிலில் எல்லா நூலும் வெளுத்து ஒரே நிறமாகிவிட்டது. அதனால் எட்டுகிற கிளையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுத்தான் நகர்வேன் பாவா. அதற்குள் சாமுவேலே என்னைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

நீ வாய் நிறையத் தெலுங்கில் 'பாமர்தி' என்று கூப்பிட்ட
உன் மச்சினன்,
தயாளன்