மூதூர்ப் படகில் வந்த வாக்குகள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பு மகள் கஜந்திக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். அந்தக் கனடாக் குளிரில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பத்திரகாளி அம்மன் பார்த்துக்கொள்வாள். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் சிரித்துவிடுவேன், உனக்கு ஒன்றும் விளங்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அன்றைக்குப் போனில், கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரியை ரசிகர்களின் வாக்கால் தெரிவு செய்கிறார்கள், ஐந்து பேரில் நானும் ஒருத்தி, ஆனால் அது பெரிய கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும், நீங்கள் பேசாமல் இருங்கோ என்று சொன்னாய். நான் எப்போது பேசாமல் இருந்தேன்? ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாக்கு, ஏழு நாள். மூன்றாம் நாள் பார்த்தால் நீ நான்காம் இடம். அன்றைக்கே மூதூர்ப் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் என் யன்னலில் உன் படத்தை ஒட்டிவிட்டேன். டிக்கெட்டைக் கொடுக்க முதல் போனை எடுங்கோ என்பேன். கிளிவெட்டியில் இருந்து வந்த ஐயா ஒருவர், வாக்குச்சீட்டில் போடுகிற மாதிரிப் புள்ளடி எங்கே பிள்ளை போடுறது என்று கேட்டார், படத்தில் அமத்தினால் போதும் என்று அவர் விரலைப் பிடித்து நானே அமத்தினேன். அப்பா துறைமுகத்தில் கிரேன்காரர் எல்லாரையும் பிடித்துவிட்டார், ஆனால் முதல் இரண்டு நாளும் கண்ணாடி போடாமல் உனக்குப் பக்கத்துப் படத்துப் பிள்ளைக்கு அமத்தியிருக்கிறார்! மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன், மனிசன் கோபத்தில் தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடிக்கிறார்.

கடைசி நாள் எங்கள் நேரம் காலை பத்தரைக்கு வாக்களிப்பு முடிவு. பத்து மணிக்கு நீ இரண்டாம் இடம், முப்பத்தொரு வாக்குக் குறைவு. மூதூரில் துணிக்கடை வைத்திருக்கும் சுபைதா ராத்தா கல்யாண வீட்டார் அறுபது பேரோடு வருவதாகச் சொல்லியிருந்தார். ஏறிய அவசரத்தில் ஒருவரும் அமத்தவில்லை, நடுக்கடலில் கவரேஜும் இல்லை. பத்தேகாலுக்கு மேல்தான் படகு கண்ணில் பட்டது. நான் யன்னலை விட்டு ஓடிப்போய் ஜெட்டி நுனியில் நின்று, அமத்துங்கோ, அமத்துங்கோ என்று கத்தினேன். படகு முழுக்கப் போன், புதுமாப்பிள்ளை கையிலும் போன். வரிசையில் நின்றவர்கள் பதினொன்று குறைவு, நாலு குறைவு என்று எண்ணிச் சொன்னார்கள். முடியும்போது நீ பத்தொன்பது வாக்குக் கூட! ராத்தா கரையில் குதித்து, எங்கட புள்ள வெண்டுட்டா என்று என்னைக் கட்டிப்பிடித்தார். திரும்பும் படகு இருபது நிமிடம் பிந்தியது. படகு முதலாளி ஏச வந்தார், தானும் ஒன்று போட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மகள், இன்னொன்று சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பில் மாகாண அணியில் உன் பெயர் இல்லாமல் போனது. உனக்குப் பயிற்சி தந்த நஸ்ரி சேர் வெட்டிவிட்டார் என்று நீ அவரோடு கதைப்பதையே விட்டாய். அவர் வெட்டவில்லை. நீ காற்சட்டையோடு ஊர் ஊராய் விளையாடப் போவது எனக்குப் பிடிக்கவில்லை, நான்தான் பாடசாலைக்குப் போய்ப் பெயரை எடுக்கச் சொன்னேன், உனக்குச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டேன். அந்த மனிதர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இந்தக் கிழமை முழுக்க ஊராருக்கு உன் படத்தைக் காட்டக் காட்ட அது எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. நேற்று அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதை விடுங்க, வீட்டில உள்ள நாலு போனிலயும் ஏழு நாளும் போட்டனான் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உன்னிடமும் கேட்கிறேன். அம்மாவை மன்னித்துக்கொள்.

முழங்காலுக்குப் பட்டி கட்டாமல் விளையாடாதே. சேரின் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது, மறக்காமல் கோல் எடு. விருது வாங்கப் போகும்போது உனக்குப் பிடித்த உடுப்பைப் போடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தலையை மட்டும் ஒழுங்காக வாரி இழுத்துக்கொண்டு போ.

எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு.

உன் அம்மா
இரத்தினேஸ்வரி