பட்டு இழை கட்டிய பாட்டில்

சந்தியா அப்பாவுக்கு,

சந்தியாவைக் கூட்டினு வர வாலாஜாபாத் போறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவோம். சோறும் கத்திரிக்கா கொழம்பும் அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். ரெண்டு கரண்டி சோறு போதும் உங்களுக்கு.

சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்கன்னு காய்ச்சி வெச்ச திராட்சை சிரப்பைத் தொடாதீங்க. ஏற்கெனவே தொட்டாச்சுன்னு தெரியும், அதான் எழுதறேன்.

இனிப்பே ஆகாதுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து உங்க மேல எனக்கு சந்தேகம் இருந்துகினேதான் இருக்குது. அதான் சிரப்பு நின்ன அளவுக்கு பாட்டிலைச் சுத்தி ஒரு பட்டு இழையைக் கட்டி வெச்சேன். இன்னிக்குப் பாத்தா இழைக்கு நேராவே நிக்குது, துளிகூட இறங்கல. ஆனா மூடியைத் திருகினா புஸ்ஸுன்னு கள்ளு மாதிரி நுரை பொங்குது. பாகு கெட்டியா இருக்கிற வரைக்கும்தான் சிரப்பு கெடாது. தண்ணி சேர்ந்தா புளிச்சிடும். அது உங்களுக்குத் தெரியல.

பூனைன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்தப் பூனை மூடியைத் திருகிக் குடிச்சிட்டு, இழை வரைக்கும் தண்ணி ஊத்தி வெக்கும்?

சம்பந்திக்கு வேற காய்ச்சிக்கிறேன். கால் புண்ணுக்கு மருந்து டிவி பக்கத்துல இருக்குது, மறக்காம போட்டுக்கோங்க.

கலையரசி

சொல்ல மறந்துட்டேன். நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட லேபுக்குப் போறோம், சர்க்கரை பாக்க. ரத்தத்துல தண்ணி ஊத்திச் சரிக்கட்ட முடியாது.