காப்பாரில் விளைந்த உருளைக்கிழங்கு

மச்சான்,

இப்போது நான் சொல்லப்போவதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவன்கூட நம்பமாட்டான் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். செத்துப்போன நீயும் நம்பவேண்டாம்.

இன்று பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் உருளைக்கிழங்கு வதக்குகிற வாசனை வந்தது. உடனே கூட வந்த பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்: "மாமா, காப்பார் கிழங்குக் கதை!" அளந்துவிட்டேன். நீ நட்ட செடியில் கள்ளிறக்குகிறவன் ஏணி சாத்தினான். கிழங்கை ஒரு மந்தை மாடு இழுத்தும் அசையவில்லை. கிள்ளான் ஆற்றில் உருட்டிவிட்டதும் கப்பல்கள் பயந்து ஒதுங்கின. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்று காப்பார் ரப்பர் தோட்டத்தில் நாம் சிரிக்கவில்லை. உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, கூலி லயத்து வீட்டில் காய்ச்சலில் எலும்பாகிக் கிடந்தாள். மலைக் காற்று பட்டால் பிழைப்பாள் என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர். மலையில் புதிதாகப் போட்ட காய்கறித் தோட்டத்துக்கு ஆள் அனுப்புகிறவர் நம் சின்ன துரை. நீ போய்க் கும்பிட்டாய். அவர் சமையல்கட்டிலிருந்து முளைவிட்ட கிழங்கு நாலைந்தை வரவழைத்து உன் கையில் போட்டார். "இதை இங்கே வெளைய வை. அப்புறம் மலைக்குப் போ."

நீயும் நம்பினாய், மகா மடையனே! "சேலத்துலேர்ந்து வந்த நாமளே இந்தப் புழுக்கத்துக்குப் பழகிட்டோம். கிழங்கு பழகாதா, மச்சான்?" என்று என்னிடம் வாதாடினாய். செடி தழைத்தது, அடியில் கிழங்கு இல்லை. மரவள்ளிக் குச்சி நட்ட கை சும்மா இருக்குமா? தண்டை வெட்டி மறுபடி நட்டாய். பிறகும் வெட்டி, பிறகும் நட்டாய்.

துரை வயிறு குலுங்கச் சிரித்தார். "அது தென் அமெரிக்காப் பனிமலைக் கிழங்கு. கசப்புக் காட்டுச் செடி, கத்தரிக்கும் ஊமத்தைக்கும் சொந்தம். அந்த ஊர் ஜனங்க தலைமுறை தலைமுறையா பொறுக்கிப் பொறுக்கி நட்டுத்தான் திங்கிற மாதிரி ஆச்சு. வெதை போட்டாத்தான் ஒவ்வொண்ணும் புதுப் பிள்ளை. அதுல ஒண்ணு சூடு தாங்கினாலும் தாங்கும். நீ வெட்டி நட்டது பிள்ளை இல்லைடா, அதே கிழடு. எத்தனை தரம் நட்டாலும் ஒண்ணும் கத்துக்காது."

நமக்கெல்லாம் அப்பன் வழி ஒன்று, ஆத்தாள் வழி ஒன்று; அந்தக் கிழங்குக்கு நாலு வழிப் பரம்பரை என்றும் துரை சொன்னார். நாலு சம்பந்தி சேர்ந்தால் எந்த வீடு விளங்கும்? இதெல்லாம் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். கிளப்பில் சொல்லிச் சிரிக்க அவருக்கு ஒரு கதை வேண்டியிருந்தது.

உன் காதில் விழுந்தது பனிமலை மட்டும். கிள்ளான் டவுனிலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டியைச் சுமந்துவந்து வேரைச் சுற்றிப் புதைத்தாய். "செடிக்குக் காய்ச்சலாண்ணே? நெத்தியில பத்துப் போடுங்க!" என்று லயமே கூத்தடித்தது. உள்ளே படுத்திருந்தவள், "எனக்கும் ஒரு துண்டு குடுங்க, செடி கோவிச்சுக்காது" என்றாள். கொடுத்தாய். சின்னத் துண்டு.

ஐஸ் வேலை செய்தது! ஒரே ஒரு கிழங்கு, கோலிக்குண்டு அளவு. அதை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு துரையிடம் ஓடினாய். அவர் மேசையில் விரலால் உருட்டிப் பார்த்தார். "மலைக்கு ஆள் எடுத்து முடிஞ்சுபோச்சே," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே அவள் போனாள். அடுத்த மழைக்குள் அதே காய்ச்சலில் நீயும்.

பிள்ளைகளிடம் நான் ஆற்றையும் கப்பலையும் தாண்டுவதில்லை. அத்தனையும் புளுகு. ஒரு துளி மட்டும் மெய், மச்சான்: காப்பாரில் உருளைக்கிழங்கு விளைந்தது. துரை திருப்பித் தந்ததை அன்றைக்கே நீ மசித்து அவள் வாயில் வைத்தாய். அவள் மென்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உப்பு பத்தலண்ணே" என்றாள்.