கவசத்திடம் சொல்லி வைத்தது

திண்ணையில் நிற்கும் நாடகக் கவசமே, உனக்குள் புகுந்துகொள்ளும் மனிதர் வந்ததும் இதைச் சொல்லிவிடு. நாலு நாளாக அவர் வீட்டம்மாவோடு பேசுவதில்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. சாவி பூந்தொட்டிக்கு அடியில். ஒலிபெருக்கியைக் கேட்டுப் பார்க்க நாடக வாத்தியார் நாலு மணிக்கு வருவார்.

இரும்புத் தொப்பிக்குள்ளிருந்து அவர் வசனம் பேசியபோது, "டப்பாக்குள்ள வண்டு மாட்டின மாதிரி இருக்கு" என்று வீட்டம்மா சிரித்துவிட்டாள். அந்த ரோஷத்தில்தான் உன் மார்புக்குள் ஒலிபெருக்கி ஏறியது. நல்ல வேலைதான். ஆனால் இன்று காலை ஒத்திகை முடிந்தும் ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரி துடைப்பமும் கையுமாக ஓடி வந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்குக் கோபம் போயிடுச்சாம்! 'எப்படி முதல்ல போய்ப் பேசறது'ன்னு தனியா புலம்பறார். தெருவுக்கே கேட்குது!"

வீட்டம்மாவும் ஜன்னலோரம் நின்று எல்லாம் கேட்டவள்தான். இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

பி.கு. பேட்டரி சார்ஜில் இருக்கிறது.

இது கவசத்துக்கு இல்லை, உங்களுக்கு: நான் சிரித்தது தப்புதான். ஆறு மணிக்கு வந்துவிடுவேன். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். மெதுவாகச் சொன்னாலே எனக்குக் கேட்கும்.