கார்த்திகையில் வெட்டிய விறகு

மாமா,

காலையிலிருந்து தெரு முழுக்கப் பச்சைச் சவுக்கின் புகை. மார்கழி நடுவில் அடித்த புயலுக்குப் பிறகு, கடலூர்ப் பக்கம் நிற்கிற மரத்தைவிட விழுந்து கிடக்கிற மரம்தான் அதிகம். கரண்ட் இன்னும் ஒழுங்காக வரவில்லை. கேஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. சிப்காட்டுக்குப் பின்னால் நானும் பாப்பாவும் இப்போது குடியிருக்கிற இந்த வாடகை வீட்டு வரிசையில் எல்லார் வாசலிலும் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டியிருக்கிறோம். விறகுக்குப் பஞ்சமே இல்லை. எரியத்தான் மாட்டேன் என்கிறது. கட்டையின் மறுமுனையில் நுரை தள்ளுகிறது. பக்கத்து வீட்டு மேரி அக்கா ஊதி ஊதிக் களைத்துப்போய், "இன்னா மரம்டி இது, எரியச் சொன்னா தண்ணியக் கக்குது" என்றார். "பங்குனில வெட்டியிருக்கணும்க்கா" என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் அது உங்கள் பேச்சு என்று உறைத்தது. என் வாயிலிருந்து அது வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை நமக்குள் கடிதமே இருந்ததில்லை. எல்லாம் போன்தான். போனில் எனக்கு ஒழுங்காகக் கோபப்பட வரவில்லை.

விறகு விஷயத்தில் உங்களைப்போலக் கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. சோறு குழைந்தால் பேசாமல் சாப்பிடுவீர்கள். சட்டையில் பொத்தான் இல்லாவிட்டாலும் போட்டுக்கொண்டு லாரி ஏறிவிடுவீர்கள். ஆனால் விறகு மட்டும் பங்குனி தேய்பிறையில்தான் வெட்டவேண்டும். சிதம்பரம் ரோட்டிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளி, மணலில் இருந்த நம் வீட்டுக்குப் பின்னால் உங்கள் பங்குக்கு வந்த சவுக்கு நின்றது. அதில் அந்த வருஷத்து அடுப்புக்கு வேண்டியதை மட்டும் வெட்டுவீர்கள். வளர்பிறையில் வெட்டினால் பூச்சி விழும், மழைக்காலத்தில் வெட்டினால் அதைவிட மோசம் என்பீர்கள். வெட்டியதையும் உடனே கழிக்க விடமாட்டீர்கள். தழையோடு அப்படியே கிடக்கவேண்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு கொடுவாளை எடுத்தபோது, "வுடுடி. தழ காயுற வரிக்கும் கட்டைல இருக்குற தண்ணிய அதுவே இழுத்துக்கும். நமக்கு இன்னா அவசரம்" என்றீர்கள். தழை பழுத்த பிறகுதான் துண்டு போட்டு, காற்றுப் போகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவீர்கள். ஆடிக்குள் கட்டையோடு கட்டை தட்டினால் கணீரென்று கேட்கும்.

மழையில் யாராவது மரம் வெட்டினால் சும்மா போகமாட்டீர்கள். வேலியோரம் நின்று, "வெறகு வெட்டுறியா, தண்ணி எறைக்கிறியா?" என்று வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் நகர்வீர்கள். நான் சிரிப்பேன். காத்திருக்கத் தெரிந்த ஆள் என்று உங்களை நம்பியதே அந்தப் பங்குனி வேலையைப் பார்த்துத்தான்.

நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டாயிரத்து நான்கில் நீங்கள் புவனகிரிக்குப் பெண் பார்க்க வந்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "வெளிநாட்டுக்குப் போற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க." நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சவுதிக்குப் போன என் அப்பா திரும்பவே இல்லை. செத்துவிட்டார் என்றார்கள் சிலர், அங்கே வேறு குடும்பம் என்றார்கள் சிலர். எதை நம்புவது என்று தெரியாமல் அம்மா இன்றைக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டில் வளர்ந்தவள் வேறு என்ன கேட்பாள்? நீங்கள் சிரித்தீர்கள். "நான் லாரி ஓட்டுறவன். விழுப்புரம் தாண்டுனாலே எனக்கு வூட்டு ஞாபகம் வந்துடும்" என்றீர்கள். கல்யாணம் முடிந்து திருவதிகைக் கோயிலுக்குப் போனபோது, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, போகமாட்டேன் என்று சத்தியமும் செய்தீர்கள். அதை நான் கேட்கவில்லை மாமா. நீங்களாகச் செய்தீர்கள்.

அப்படிப்பட்டவர்தான் இரண்டாயிரத்து ஒன்பது கார்த்திகையில், அடைமழை சற்று விட்ட ஒரு காலையில், கோடாரியோடு தோப்புக்குள் இறங்கினீர்கள். நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால் மரங்கள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன.

"கார்த்தியில எவனாவது மரம் வெட்டுவானா மாமா?"

"மழ ஜாஸ்தியா இருக்குது. தானா சாஞ்சா வூட்டு மேலதான் வுழும்."

"அதுக்கு இத்தினி மரமா?"

"வெட்டுறதுதான் வெட்டுறோம். ஒரு ரெண்டு வருஷத்துக்குக் கெடக்கட்டுமே."

சைக்கிளில் போன உங்கள் கூட்டாளி நின்று, "என்னா மாப்ள, பங்குனி முன்னாலயே வந்துடுச்சா?" என்று கேட்டார். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிற நீங்கள் கோடாரியோடு அடுத்த மரத்துக்கு நகர்ந்தீர்கள். தழை காய விடவில்லை. அன்றைக்கே கழித்து, துண்டு போட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அடுக்கி, மேலே தகரம் போட்டு, காற்றில் பறக்காமல் கல்லும் ஏற்றிவிட்டீர்கள். தண்ணீர்ப் பானையோடு பின்னால் நின்ற என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இரண்டு வருஷத்துக்கு விறகுக் கவலை இல்லை, எனக்காக இப்படிப் பாடுபடுகிறார் என்று பூரித்துப்போனேன். குழாயடியில், "எங்க வூட்டுக்காரரு ரெண்டு வருஷத்து வெறகப் போட்டுட்டாரு" என்று பெருமையடித்தேன். அங்கே நின்ற பெண்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்திருந்ததோ. அந்தப் பெருமையை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது.

தை பிறந்தது. பொங்கலுக்கு மறுநாள் என்னையும் பாப்பாவையும் புவனகிரிக்கு அனுப்பினீர்கள். "சேலத்துக்கு லோடு இருக்குது. நீங்க முன்னால போங்க" என்றீர்கள். பாப்பாவைத் தூக்கி பஸ்ஸுக்குள் கொடுத்துவிட்டு, பஸ் திரும்புகிறவரை ரோட்டிலேயே நின்றீர்கள். வழியனுப்ப வேண்டியவள் நான். என்னை பஸ் ஏற்றி நீங்கள் வழியனுப்பினீர்கள்.

அடுத்த நாள் போன் வந்தது. "நான் மெட்ராஸ் ஏர்போர்ட்ல இருக்கேன். துபாய்ல டிரெய்லர் ஓட்டுற வேல. ரெண்டு வருஷம்தான். கோச்சிக்காத." பிறகு ஏதோ அறிவிப்புச் சத்தம், போன் கட்டாகிவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். என் தம்பி, உங்கள் அருமை மச்சான், குழாயில் கை கழுவிக்கொண்டே இருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"ஒனக்குத் தெரியுமாடா?"

"நான்தான்க்கா ஏஜெண்ட்டாண்ட கூட்டிட்டுப் போனேன். சொன்னா நீ வுட மாட்ட. அதான்."

விட மாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் என்னிடம் மட்டும் சொல்லக்கூடாது. நல்ல நியாயம். லாரி ஓனர் வண்டியை விற்றுவிட்டார் என்பதும், சேலம் லோடு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. வரப்போகும் பங்குனியில் இங்கே இருக்கமாட்டோம் என்று தெரிந்துதான் கார்த்திகையில் கோடாரி எடுத்திருக்கிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு அடுப்பெரிய விறகைப் போட்டுவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று கிளம்பியிருக்கிறீர்கள்.

அந்த விறகில் ஒரு குச்சியைக்கூட நான் எடுக்கவில்லை. மிலாறும் சுள்ளியும் பொறுக்கி எரித்தேன், பிறகு கேஸ் வாங்கினேன். வெள்ளிக்கிழமை போன் செய்வீர்கள். பாப்பாவோடு பேசிவிட்டு என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "வெறகு காஞ்சிடுச்சா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கவேண்டியது அதுவா? "ஒங்கிட்ட சொல்லாம வந்தது தப்புதான்" என்று ஒரு வார்த்தை வரும் வரும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காத்திருந்தேன். ஒருமுறை வேண்டுமென்றே, "பூச்சி வுழுந்துடுச்சி. அடியில மஞ்ச மஞ்சயா மாவு கொட்டுது" என்றேன். அது உண்மைதான். பக்கத்தில் போனால் உள்ளே அரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. "கார்த்தில வெட்டுனா வுழும். எனக்குத் தெரியும்" என்றீர்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அடுத்த வார்த்தை "தப்புதான்" என்பதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். "பாப்பா சாப்டுச்சா?" என்றீர்கள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம் இருந்தது. போன ஆடியில், அங்கே வெயில் கொளுத்துகிற நேரத்தில், வேலை முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் ரூமில் தங்கியிருந்தவர் போன் செய்தார். ரொம்ப நாள் கழித்து உடம்பு வந்தது. சுடுகாட்டுக்குக் கட்டை வேண்டும் என்று என் தம்பி பின்பக்கம் போய் அந்த அடுக்கின் மேல் கை வைத்தான். "அதத் தொடாத" என்றேன். கடையில் போய், பங்குனியில் வெட்டிய கட்டையாகக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். உங்கள் மேல் கோபம் இருந்தது. அதற்காக உங்களைப் புகையவிட என்னால் முடியவில்லை.

வந்தவர்கள் எல்லாம், "ஒனக்காவத்தானே போனாரு" என்றார்கள். எனக்காகவென்றால் என்னைக் கேட்டிருக்கவேண்டாமா? நீங்கள் போனதைக்கூட நான் ஒருநாள் மன்னித்துவிடுவேன். ஊரே சேர்ந்து என் கண்ணைக் கட்டியபோது நீங்களும் அவர்களோடு நின்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதைச் சொன்னால் செத்தவரைக் குறை சொல்கிறாள் என்பார்கள். சொல்லட்டும்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் தம்பி வந்தான். உங்கள் காரியத்துக்குப் பிறகு நான் அவனோடு அதிகம் பேசுவதில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசல் புகைக்குள் நின்றுகொண்டே, "அக்கா, எனக்குக் கத்தாருக்கு விசா வந்திருக்குது. அடுத்த வாரம் போறேன். ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வந்தேன். அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது" என்றான்.

அவ்வளவுதான் மாமா. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். நான் அவனை அடிக்கவில்லை, கத்தவில்லை. "போவாதடா" என்றேன். மறுபடியும் சொன்னேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்த்தான் ஆவணும்க்கா" என்றான். அவன் போகத்தான் போகிறான். அடுத்த வாரம் நானே போய் பஸ் ஏற்றிவிடுவேன். எனக்கு வருத்தம் இருக்கும், பயம் இருக்கும். ஆனால் சொல்லவேண்டியதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

உங்களிடம் சொல்ல நீங்கள் என்னை விடவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பீர்களா என்பது எனக்குத் தெரியாது. நிற்பதும் போவதும் உங்கள் விருப்பம். சொல்வது என் உரிமை, அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஏர்போர்ட்டிலிருந்து நீங்கள் பேசிய அன்றைக்கு என் வாய்வரை வந்து நின்றது இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

போவாதீங்க மாமா.