நார் கடித்த பல்

டாக்டரம்மா,

இன்று விடியற்காலையில் மல்லிகை கட்ட உட்கார்ந்தபோது, நனைத்த வாழைநாரின் நுனியை வழக்கம்போல முன்பல்லில் கடித்தேன். நார், பல்லில் தான் அறுத்து வைத்த பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. உங்கள் விரல் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தியதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு கை ஓடவில்லை. பூவைக் கூடையிலேயே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்மா எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். பூ வாடுவது எனக்கும் தெரியும்.

உங்களை நான் முதலில் பார்த்தது பாழுங்கிணற்று மேட்டில். சாணார்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அந்த வருஷம் மழை இல்லை. யாரும் இறங்காத கிணற்றைக்கூடத் தூர் வாரினார்கள். சேற்றோடு ஒரு மண்டையோடு வந்தது, பிறகு மற்ற எலும்புகள் வந்தன. போலீஸ் வந்தது. மதுரையில் டாக்டருக்குப் படிப்பவர்களுக்கு எலும்புப் பாடம் எடுக்கிற ஓர் அம்மா திண்டுக்கல்லில் குடியிருக்கிறார் என்று உங்களை ஜீப்பில் கூட்டி வந்தார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், பூக்கூடையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறப் போன என் அக்கா திரும்பி வரவில்லை. அவளுக்கு அப்போது வயது பத்தொன்பது. வாழைக்காய் லாரிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. அப்பா அவளுக்குத் தலை முழுகினார். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்ததாக வைத்துக் குளிக்கிற குளியல் அது. மறுநாளே என் பள்ளிக்கூடமும் நின்றது. வாசலைத் தாண்டினால், “இது அவ தங்கச்சிதான?” என்பார்கள். நான் தலையைக் குனியப் பழகிக்கொண்டேன்.

சாக்கில் பரப்பியிருந்த எலும்புகளின் முன்னால் அப்பா ஏன் அப்படி நின்றார் என்று உங்களுக்கு அப்போது தெரிந்திருக்காது. அது அக்காவாக இருந்தால், அவள் ஓடிப்போனவள் இல்லை, கிணற்றில் தவறி விழுந்தவள். வீட்டுக்கு வந்த கெட்ட பெயர் அன்றோடு போய்விடும். எனக்கும் ஒரு மாப்பிள்ளை வருவான். அம்மா தள்ளி வரப்பில் நின்றாள். அவள் வேண்டிக்கொண்டது வேறு.

நீங்கள் வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எலும்பாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள்.

“இந்தம்மா என்னப்பா, எலும்பு பாத்து ஜோசியம் சொல்லுமோ?” என்றார் எங்கள் தலையாரி.

“ஜோசியக்காரரு வரப்போறதச் சொல்லுவாரு. எனக்கு நடந்து முடிஞ்சதுதான் தெரியும்,” என்றீர்கள், நிமிராமலே.

அப்பா மண்டையோட்டின் முன்பல்லைக் காட்டினார். அதன் நடுவில் நார் அறுத்த சின்னப் பள்ளம். “பாருங்க தாயி, நாரு கடிச்ச தடம். இது எம் மகதேன். அவ இப்பிடித்தேன் கடிப்பா,” என்று கதறினார். பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். ஏட்டு பென்சிலை எடுத்துவிட்டார்.

நீங்கள் சுற்றிலும் பார்த்தீர்கள். பார்வை என்மேல் வந்து நின்றது. “நீ தங்கச்சியா? இங்க வா பிள்ள. கொஞ்சம் வாயத் தெற.”

அத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படித் திறப்பேன்? என் தலை நிமிரவே இல்லை. நீங்கள் எழுந்து வந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி என்னை மறைத்து நின்றுகொண்டு, மோவாயைப் பிடித்தீர்கள். திறந்தேன்.

“இவளுக்கும் இருக்கு.”

“எனக்குந்தேன் இருக்கு!” பக்கத்து வீட்டு அத்தை ஈயென்று காட்டினாள். “இந்தா, இவளுக்கும் இருக்கு. நாங்க அம்புட்டுப் பேருமா செத்துப்போனோம்?” அந்த இடத்திலும் யாரோ சிரித்தார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை. என் கழுத்துக்குக் கீழே காறையெலும்பு தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தீர்கள். அந்த நுனி சின்ன வயதில் தனியாக இருக்குமாம், வயது ஏறினால்தான் எலும்போடு ஒட்டுமாம். “ஒங்கக்காவுக்கு இது ஒட்டியிருக்காது. இந்த எலும்புல நல்லா ஒட்டிப்போச்சு. கடவாப் பல்லும் தேஞ்சு கெடக்கு. இந்தம்மாவுக்கு நாப்பது வயசு இருக்கும்.” பிறகு அப்பாவைப் பார்த்து, “இது ஒங்க மக இல்லய்யா,” என்றீர்கள்.

அப்பா உங்கள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். “எழுதிருங்க தாயி. ஒங்களுக்கு என்ன நட்டம்? வீட்ல இன்னொண்ணு நிக்கிது, பாருங்க.”

“இத ஒங்க மகள்னு நான் எழுதிட்டா, இந்தம்மாவத் தேடி வர்றவங்களுக்கு நான் என்னத்தச் சொல்லுறது?”

அம்மா வரப்பிலிருந்து ஓடி வந்தாள். “அப்ப எம் பிள்ள உசுரோட இருக்காளா?”

நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆமாம் என்று சொல்லவில்லை. “இது அவ இல்லங்கிறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்மா.” அம்மா அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பஸ் வரும் நேரத்தில் அவளுக்கு வேறு வேலை ஓடுவதில்லை.

அதன் பிறகு, மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கள் வீட்டு மாதா படத்துக்கு ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்தேன். பூ ஒரு சாக்கு. கிணற்றில் கிடந்தது யார் என்று தெரிந்ததா எனக் கேட்கத்தான் வந்தேன். நீங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பதில் சொன்னதில்லை, கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பீர்கள். கொடைரோட்டில் விசாரித்தாயிற்று, சித்தையன்கோட்டையில் விசாரித்தாயிற்று என்பீர்கள். ஒருநாள் சட்டென்று நின்று, “நாப்பது வயசுப் பொம்பள ஒருத்தி வீட்ல இல்லாமப் போயிருக்கா. ஒருத்தருமா தேடல?” என்று என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். அந்தக் கோபம் என்மேல் இல்லை என்று தெரிந்தும் எனக்கு அழுகை வந்தது. பிறகு நீங்களே காப்பி போட்டுக் கொடுத்தீர்கள்.

பிரசவம் பார்க்கிற டாக்டராகத்தான் நீங்கள் வர நினைத்திருந்தீர்கள். அப்போது இடம் காலியில்லாமல் எலும்பு அறைக்கு அனுப்பினார்கள், அங்கேயே தங்கிவிட்டீர்கள். எலும்பைத் தொட்ட கை என்று உங்கள் அம்மா குளிக்காமல் அடுப்படிக்குள் விடமாட்டார்களாம். பெண் பார்க்க வந்த ஒருவர், வேலை என்ன என்று கேட்டவுடன் எழுந்து போனாராம். “வந்தவரு மண்ட நல்ல எடுப்பான மண்ட, பிள்ள. அதச் சொன்னேன், ஓடிட்டாரு,” என்று சிரித்தீர்கள். “பிள்ள பொறந்தா ஊரே வந்து பாக்கும், எலும்பா வர்ற இவங்களப் பாக்க நான் ஒருத்திதான?” என்றும் சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அப்படி ஒரு நாளில்தான், மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். “நீங்க அன்னிக்கு எழுதிக் குடுத்திருந்தா, நாங்க அழுது முடிச்சிருப்போம்ல?”

நீங்கள் நடையை நிறுத்தினீர்கள். எனக்குப் புத்தி சொல்வீர்கள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஆமா பிள்ள. முடிச்சிருப்பீங்க,” என்றீர்கள். நீங்கள் சொன்னவற்றில் நான் அதிகம் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

போன மாசம் பூவோடு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. உங்களுக்கு நெஞ்சுவலியாம், ஒரே நாளில் முடிந்துவிட்டதாம். அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பூவைக் கதவு வளையத்தில் சுற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

போன வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்தார்கள். நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, “மூத்த பொண்ணு இருந்துச்சுன்னு சொன்னாங்களே, எங்கீங்க கட்டிக் குடுத்திருக்கீங்க?” என்று கேட்டார்.

“அது தவறிப்போச்சுங்க,” என்றார் அப்பா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்திருந்தால் போதும், எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும்.

“இல்லங்க,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அக்கா காணாமப் போச்சு. செத்ததா யாரும் பாக்கல. எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுங்க.”

அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அப்புறம் ஆள் அனுப்பவில்லை. அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அம்மா மட்டும் ராத்திரி சோறு போடும்போது என் தலையில் செத்த நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை.

மார்க்கெட்டில் வெளியூர்க்காரப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் இப்போது நானே பேச்சுக் கொடுக்கிறேன். அக்காவின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்கிறேன். பிறகு, உங்கள் ஊரில் நாற்பது வயதில், பூக்கட்டுகிற ஒரு பெண் காணாமல் போனாளா என்றும் கேட்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். சிலர் யோசித்துவிட்டு இல்லை என்கிறார்கள். என்றாவது ஒருத்தி ஆமாம் என்று சொல்லிவிட்டால், திண்டுக்கல்லில் அதை யாரிடம் ஓடிவந்து சொல்வது, டாக்டரம்மா?