பாசி கலர்

மாசி 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். முள்ளிப்பட்டில் தாமுவின் தறி சும்மா கிடக்கிறது. பாவு நூலுக்கு நான்தான் சாயம் போட்டுத் தரணும். கல்யாணப் பொண்ணு நித்யா கேட்டது பாசி கலர். என் கைக்கு வராத பாசிப்பச்சையா? போட்டு அனுப்பினேன். "இது இல்லைங்கண்ணா" என்கிறது போனில். கொஞ்சம் கருப்பு கூட்டி மறுபடி போட்டேன். அதுவும் இல்லையாம். எரிச்சல்.

தாமு: "ஜல்தி முடிங்க. இல்லாங்காட்டி ஆர்டர் காஞ்சிபுரம் போயிடும்."

நித்யா கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிற பெண். "கரைக்கு வாங்க, நேர்லயே காட்டறேன்" என்றது. சேலைக் கரை என்று நினைத்தேன். கடற்கரையாம்.

மாசி 5, வியாழன்

மாமல்லபுரம் தாண்டி ஒரு குப்பம். தண்ணீர் உள்வாங்கி, பாறையெல்லாம் வெளியே. இடுக்கில் நண்டு, சின்னச் சின்ன நத்தை. அழகாக ஒரு சிப்பி, எடுக்கப் போனேன்.

"உயிரோட இருக்குங்க. விட்டுடுங்க."

விட்டேன்.

பாறை முழுக்கப் பச்சை. "இதைத்தானே போட்டேன்?" என்றேன், விறைப்பாக.

"அது இல்லைங்கண்ணா. இது." தண்ணீருக்குள் கைவிட்டுக் காட்டியது. நல்ல சிவப்பு.

"இதுவா பாசி?"

"இதுவும் பாசிதாங்க."

சாயப்பட்டறையில் வளர்ந்தவனுக்குப் பாசின்னா பச்சை. கேட்கவே தோணலை. இரண்டு பேரும் சிரித்தோம்.

கரையில் ஒதுங்கியதில் ஒரு கொத்து, கடல் தண்ணீரோடு பாட்டிலில். காய்ந்தால் நிறம் மாறிடுமாம். நூலும் அப்படித்தான். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பஸ்ஸில் பக்கத்து ஆள், "மீனா?"

"கல்யாணச் சேலை" என்றேன்.

மாசி 6, வெள்ளி

வாங்க: பல்பு, அம்மா மாத்திரை, எலுமிச்சை.

அரக்கில் ஊதா ஒரு சிட்டிகை. முதல் நூல் கழி கொஞ்சம் தூக்கல். அடுத்தது காய்ந்ததும் நிழலில் வைத்துப் பார்த்தேன். இதுதான். சந்தேகமே இல்லை.

தாமு எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, பாசி கேட்டா செவப்பு போட்டுகினு கீறீங்க? ஆர்டர் போச்சு."

"பேஜார் பண்ணாதீங்க. நாளைக்கு வாங்க."

மாத்திரை மறந்துட்டேன். அம்மாவிடம் திட்டு.

மாசி 7, சனி

லேசான மேகம். கலர் பார்க்க நல்ல வெளிச்சம்.

அவர்கள் வருமுன்னே பாசியை எடுத்து ஈரம் ஒற்றி, கழி மேல் போட்டு வைத்தேன். நித்யாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். தாமு வாசலிலேயே நின்றார்.

பொண்ணு காலி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தது. அப்புறம் கழியையே பார்த்துகினு கேட்குது:

"பாசி எங்கண்ணா?"